குற்றவியலும் குற்றவியல் நீதியும் முதுகலையில் படிப்பது குறித்து: அனுபவமுள்ளோர் வழிகாட்டவும்

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவள். சமூகவியலில் இளங்கலை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். அடுத்து, குற்றவியலும் குற்றவியல் நீதியும் என்ற முதுகலைப் படிப்பில் சேர விரும்புகிறேன். வீட்டில் சொன்னபோது, "அப்படியானால் இப்போதிருந்தே சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குத் தயாராகு" என்றார் அப்பா. துப்பறியும் வேலைக்குத்தானே இந்தப் படிப்பு என்று தோழிகள் கேட்கிறார்கள். எனக்கு இரண்டிலும் நாட்டமில்லை. எங்கள் ஊரில் பதின்ம வயதிலேயே வழக்குகளில் சிக்கிய சில பையன்களை அறிவேன். ஒரே தெருவில் வளர்ந்து ஒரே பள்ளியில் படித்தவர்களுள் சிலர் மட்டும் அப்படி ஆனது ஏன், ஆனவர்களால் பிறகு மீண்டு வர இயலாமற்போனது ஏன் என்ற இரண்டு கேள்விகளும்தான் என்னை இந்தப் பக்கம் இழுக்கின்றன. இந்தப் படிப்பு இவற்றுக்கு விடை தேடும் படிப்புதானா? படித்து முடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? சமூகப்பணி முதுகலையில் சேர்வது இதைவிட மேலானதா? படித்தவர்கள் தயவுசெய்து விரிவாகச் சொல்லுங்கள்.

கூர்நோக்கு எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் குற்றவியல் முதுகலை முடித்து, சட்டத்துடன் முரண்பட்ட சிறார்களுக்கான பணியில் இருக்கிறேன். நீங்கள் எழுப்பிய இரண்டு கேள்விகளும் இத்துறையின் நடுவில் இருப்பவை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்வியைச் சிகாகோ ஆய்வாளர்களான கிளிஃபர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் நகரத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். சில பகுதிகளில் குடியிருந்த மக்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியபோதிலும், அந்தப் பகுதிகளின் சிறார் குற்ற விகிதம் மட்டும் உயர்ந்தே இருந்ததைச் சிறார் நீதிமன்றப் பதிவுகளைக் கொண்டு அவர்கள் காட்டினார்கள். குற்றம் இன்ன இனத்தாரின் இயல்பு என்று பேசியவர்களுக்கு அது வலுவான மறுப்பாக அமைந்தது. ஆனால் உங்கள் கேள்வி அதைவிட நுட்பமானது; ஒரே தெருவுக்குள்ளேயே சிலர் மட்டும் ஏன் என்று கேட்கிறீர்கள். 1969இல் டிராவிஸ் ஹிர்ஷி அந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார். குற்றம் செய்பவர் ஏன் செய்கிறார் என்று கேட்பதைவிட, வாய்ப்பும் தூண்டுதலும் இருந்தும் பெரும்பாலோர் செய்யாமல் இருப்பது ஏன் என்று கேட்க வேண்டும் என்றார். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உள்ள பற்று, படிப்பிலும் வேலையிலும் இட்டுவைத்த முதலீடு, நாளை நிரப்பும் செயல்கள், நெறிகளில் உள்ள நம்பிக்கை ஆகியவை ஒருவரைக் கட்டி நிறுத்துகின்றன என்பது அவருடைய வாதம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஹோவர்ட் பெக்கரைப் படிப்பீர்கள். ஒருவர்மீது குத்தப்படும் முத்திரை அவருடைய பின்னாளைய வாழ்க்கையை எப்படி வடிவமைக்கிறது என்பதை 1963இல் அவர் எழுதினார்.

இவையெல்லாம் தேர்வுக்கு மட்டும் பயன்படுபவை அல்ல. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் ஒரு சிறுவன் நிறுத்தப்பட்டால், அவனைப் பற்றிய சமூகப் புலனாய்வு அறிக்கையை நன்னடத்தை அலுவலரோ குழந்தை நல அலுவலரோ சமூகப் பணியாளரோ பதினைந்து நாட்களுக்குள் அளிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. அந்த அறிக்கையில் "தீய நண்பர்களின் சேர்க்கையால் கெட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடவும் முடியும். பள்ளியை விட்டு நின்றது எந்த வகுப்பில், நின்றபோது தேடி வந்த ஆசிரியர் உண்டா, குடும்பத்தின் கடன் எவ்வளவு, பகலில் அவன் யாருடன் இருக்கிறான், முன்பு சிறு வழக்கில் யாராவது அழைத்துப் போனார்களா என்று தெருவில் இறங்கிக் கேட்டு எழுதவும் முடியும். பதினாறு வயது நிரம்பிய சிறுவன் கொடுங்குற்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டால், பெரியவரைப்போல் அவனை விசாரிப்பதா என்பதைக் குழுமம் அச்சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி முதலில் மதிப்பிட வேண்டும். அத்தகைய வழக்கில் அறிக்கையின் தரம் ஒரு வாழ்க்கையின் திசையையே மாற்றும். படித்த கோட்பாடு அங்கே சரியான கேள்வியைக் கேட்கக் கற்றுத்தந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

பாடத்திட்டத்தில் கோட்பாடுகள், குற்றவியல் சட்டங்கள், காவல் நிர்வாகம், தண்டனையியல், சிறார் நீதி, பாதிக்கப்பட்டோரியல், ஆய்வு முறையியல், புள்ளியியல், தடய அறிவியலின் அடிப்படைகள், இணையக் குற்றங்கள் ஆகியவை பெரும்பாலும் இருக்கும். வேலையைப் பொறுத்தவரை, குற்றவியல் பட்டம் இல்லாமல் இந்த வேலை கிடைக்காது என்று சொல்லக்கூடிய அரசுப் பணிகள் மிகக் குறைவு. இதை மறைத்து உங்களை இத்துறைக்கு அழைப்பது முறையாகாது. குழந்தைப் பாதுகாப்பு அலகுகள், தொண்டு நிறுவனங்கள், நிறுவனங்களின் மோசடித் தடுப்புப் பிரிவுகள், ஆய்வு, நெட் தேர்வெழுதிக் கல்லூரி ஆசிரியப் பணி என்றுதான் எங்கள் வகுப்பினர் பிரிந்து சென்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்பதை அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

தடயம் எழுதியது:

ஒரு குழப்பத்தை மட்டும் நீக்க விரும்புகிறேன், ஏனென்றால் ஆண்டுதோறும் பல மாணவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். தடய அறிவியல் வேறு, குற்றவியல் வேறு. நெட் தேர்விலும் இவை தனித்தனிப் பாடங்கள். தடய அறிவியல் ஆய்வகத்தில் பணிபுரிய வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற அறிவியல் அடித்தளம் தேவை. நஞ்சைக் கண்டறிவதற்கான வேதிப் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னை மாகாணத்தில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்துறைக்கு அதுவே தொடக்கம். ஏழாண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு சொல்வதால், இனி அங்கே ஆள் தேவை கூடும். ஆனால் சமூகவியல் படித்த உங்களுக்கு அது வழியன்று, உங்கள் கேள்விகளும் ஆய்வகத்தில் விடை கிடைப்பவை அல்ல.

வழக்காடி எழுதியது:

நான் குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்குரைஞர். தங்கையின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை. நீதிமன்றத்தில் ஒரு சிறுவனுக்காக எழுந்து நின்று பேசும் உரிமையைச் சட்டப் பட்டம் தருகிறது. குற்றவியல் பட்டம் தருவதில்லை. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு, எத்தனையோ பேரைச் சிறைக்குப் போகாமல் காத்தது அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருந்த வழக்குரைஞர்களே. மேலும், 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமும், குற்றவியல் நடைமுறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும் போய்ப் புதிய மூன்று சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. இவற்றை முறையாகப் பயில மூன்றாண்டுச் சட்டப்படிப்பு வேண்டும். இரண்டு தாள்களில் மேலோட்டமாகப் படித்தால் போதாது. மாற்றத்தை விரும்பும் ஒருவர் அதற்கான அதிகாரம் உள்ள இடத்தில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கூர்நோக்கு எழுதியது:

ஐயா சொல்வதில் உள்ள நியாயத்தை ஏற்கிறேன். எங்கள் வகுப்பிலிருந்து சிலர் பிறகு சட்டம் படித்தார்கள், அந்தச் சேர்க்கை அவர்களுக்கு நன்றாகவே அமைந்தது. ஆனால் தாங்கள் காட்டிய எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். 2014இல் தீர்ப்பு வந்தது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். தீர்ப்பு என்ன சொல்கிறது என்பதைத் தாங்கள் சொல்வீர்கள். தீர்ப்பு வந்த பிறகும் காவல் நிலையத்திலும், ரிமாண்ட் செய்யும் நடுவர் மன்றத்திலும், பிணை கிடைத்தும் பிணைதாரர் கிடைக்காத குடும்பத்திலும் என்ன நடக்கிறது என்பதை யாராவது சென்று பார்த்து, எண்ணி, எழுத வேண்டுமல்லவா? பிணை வழங்கப்பட்டும் வெளியே வர முடியாதவர்களுக்காக 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியே வழிகாட்டுதல்கள் தர வேண்டியிருந்தது. குற்றவியல் நீதி என்ற பாடத்தின் வேலை அந்த இடைவெளியைப் படிப்பதுதான்.

வைகைவாசி எழுதியது:

நான் வரலாறு கற்பிப்பவன். இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். முத்திரை குத்துவது பற்றிப் பெக்கர் எழுதுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அரசே ஒரு சட்டத்தின் மூலம் முழுச் சமூகங்களின்மீதும் அந்த முத்திரையைக் குத்திய மண் நம்முடையது. 1871இல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இன் திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. மதுரைப் பக்கத்தில் அதை ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள், ஏனென்றால் அதன் கீழ் பதிவு செய்யப்பட்டவர்கள் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. எந்தக் குற்றமும் செய்யாதவரும், பிறந்த குடியின் பெயரால் காவல் நிலையத்தில் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டிய நிலை இருந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்து நின்ற பிரமலைக் கள்ளர் மக்கள்மீது காவல் துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. உயிரிழந்தவர்களுள் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவர்களுக்கான சட்டங்கள் மாகாணங்களில் வந்துவிட்டன. சென்னையில் அது 1948இல் வந்தது. காவல் நிலையத்தின் சந்தேகப் பார்வை சட்டத்தோடு சேர்ந்து நீங்கிவிட்டதா என்ற கேள்வி, அந்தச் சட்டத்தின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரின் குடும்பங்களில் இன்றும் கேட்கப்படுகிறது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், மனிதனின் மண்டையோட்டையும் தாடையையும் அளந்து பிறவிக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்று 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ எழுதியதைக் குற்றவியலின் வரலாற்றில் மாணவர்கள் படிக்கிறார்கள். அது ஐரோப்பாவில் என்றோ நடந்த பிழை என்று படித்து மறந்துவிடுகிறார்கள். பிறப்பால் குற்றவாளி என்ற கருத்து இங்கே பதிவேடாகவும் ரேகையாகவும் வாழ்ந்த கதையைச் சேர்த்துப் படித்தால்தான், தரவைக் கொண்டு ஆட்களை முன்கூட்டியே வகைப்படுத்தும் இன்றைய மென்பொருள்களைப் பற்றி எச்சரிக்கையோடு சிந்திக்க முடியும். மகளே, நீங்கள் சேர்ந்தால் இதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வைகைவாசி ஐயா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் அதைப் பற்றிப் பேசினார். இன்னும் ஒரு தயக்கம் உள்ளது. ஆய்வு முறையியலும் புள்ளியியலும் இருக்கும் என்கிறீர்கள், எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. குற்றங்களின் எண்ணிக்கையை அரசே ஆண்டுதோறும் வெளியிடும்போது மாணவர்கள் எதற்காகப் புள்ளியியலில் இவ்வளவு உழைக்க வேண்டும்?

எண்ணும்எழுத்தும் எழுதியது:

நான் இங்கிலாந்தில் இத்துறையில் ஆய்வு செய்கிறேன், சென்னையில் முதுகலை படித்தவன். 1970இல் தோன்றிய இந்தியக் குற்றவியல் கழகம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறையை மையமாகக் கொண்டு வளர்ந்தது. பாதிக்கப்பட்டோரியலைத் தனிப் பாடமாக வளர்த்தவர்களுள் பேராசிரியர் சொக்கலிங்கம் முக்கியமானவர். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்துதான் 2007இல் பேராசிரியர் ஜெய்சங்கர் இணையக் குற்றவியலுக்கான பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் இப்படிப்பைப் படிப்பது இரண்டாந்தரத் தேர்வு என்ற எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அரசு வெளியிடும் எண் பதிவான குற்றத்தின் எண். நடந்த குற்றத்தின் எண் அன்று. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் மிகக் கடுமையானதை மட்டுமே தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கணக்கில் கொள்கிறது. எனவே கொலையோடு சேர்ந்து நடந்த வன்புணர்ச்சி, வன்புணர்ச்சிக் கணக்கில் வராது. ஒரு மாநிலத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களின் எண்ணிக்கை கூடினால் அங்கே வன்முறை கூடிவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள். மக்கள் நம்பிப் புகார் கொடுக்க முன்வந்ததாலும், நிலையத்தில் மறுக்காமல் பதிவு செய்ததாலும்கூட அது கூடியிருக்கலாம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்ல வேண்டி வந்ததே, பதிவு எவ்வளவு நிச்சயமற்றதாக இருந்தது என்பதற்குச் சான்று.

பதிவுக்கு வராத பகுதியை அறிய வேறு வழி வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1982 முதல் வீடுவீடாகச் சென்று, கடந்த ஓராண்டில் உங்களுக்கு என்னென்ன நேர்ந்தது, அதைக் காவல் துறையிடம் சொன்னீர்களா என்று கேட்கும் ஆய்வு நடந்து வருகிறது. இந்தியாவில் அதற்கு ஓரளவு நெருக்கமாக நம்மிடம் இருப்பது தேசிய குடும்பநல ஆய்வில் குடும்ப வன்முறை குறித்துக் கேட்கப்படும் பகுதி. 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில், உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்முறைக்கு உள்ளான பெண்களில் நூற்றுக்குப் பதினான்கு பேரே எவரிடமாவது உதவி நாடியிருந்தார்கள். அப்படி நாடியவர்களும் பெரும்பாலும் சென்றது பிறந்த வீட்டுக்குத்தான். காவல் நிலையப் பதிவேட்டை மட்டும் வைத்து எழுதும் ஆய்வில் இந்தப் பெண்களுள் பெரும்பாலோர் இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். உங்களுக்குத் தேவை உயர்கணிதம் அன்று. ஒரு விகிதத்தைப் பார்த்ததும் இது எதன்மேல் எது, யார் எண்ணினார்கள், யார் விடுபட்டார்கள் என்று கேட்கும் பழக்கம். மென்பொருளை ஒரு பருவத்தில் கற்றுவிடலாம்.

மதில் எழுதியது:

நான் சிறைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். கள ஆய்வுக்கு வரும் குற்றவியல் மாணவர்களைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சிறைக்குள் ஆய்வு செய்யத் துறைத் தலைமையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும், அது தாமதமாகும், மறுக்கப்படவும் கூடும். ஆகவே கடைசிப் பருவத்தில் விண்ணப்பித்துவிட்டுத் தவிக்காதீர்கள். அனுமதி கிடைத்த பின்புதான் உண்மையான சிக்கல் தொடங்கும். நேர்காணல் நடக்கும் இடத்தில் காவலர் ஒருவர் கேட்கும் தூரத்தில் நிற்பார். கைதியிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினால் அவர் படிக்காமலே கையெழுத்திடுவார், ஏனென்றால் உள்ளே எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்திட்டே பழகியவர் அவர். இந்த ஆய்வில் கலந்துகொண்டால் பரோலுக்கோ முன்விடுதலைக்கோ உதவும் என்று நினைப்பவரும் உண்டு. அது உதவாது, மறுத்தாலும் எந்தக் கெடுதலும் நேராது என்பதை அவருக்குப் புரியும் பேச்சில் சொல்லிவிட்டு, மறுப்பதற்கு நேரமும் கொடுத்த பிறகே கேள்வியைத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்த மாணவர்களை மிகச் சிலரையே பார்த்திருக்கிறேன். அவர்களிடம்தான் கைதிகள் மனம் திறந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைதி செய்த குற்றத்தைப் பற்றியே எல்லா மாணவர்களும் கேட்கிறார்கள். வெளியே போன பின் எங்கே தங்குவீர்கள், யார் வேலை தருவார்கள், ஆதார் அட்டை கையில் இருக்கிறதா என்று கேட்பவர் அரிது. தங்கை எழுப்பிய "ஏன் மீண்டு வர முடியவில்லை" என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் பணிக்காலம் முழுவதும் நான் கண்டது. வேலூரில் உள்ள சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சிக் கழகத்தில் தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அதைப் பற்றியும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்காடி எழுதியது:

மதில் ஐயாவின் பதிவைப் படித்த பிறகு ஒன்றைச் சேர்க்கிறேன். 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், இருபத்தொரு வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறது. பல வழக்குகளில் அந்தச் சட்டத்தைக் கோர வழக்குரைஞர்களாகிய நாங்களே மறந்துவிடுகிறோம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவை ஒரு தண்டனையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள திருட்டில் முதல்முறை சிக்கியவர் பொருளைத் திருப்பித் தந்தால் அவருக்கு அதையே தண்டனையாக விதிக்க வேண்டும். அந்தச் சேவையை எங்கே செய்வது, யார் கண்காணிப்பது, அவமானப்படுத்தாமல் நடத்துவது எப்படி என்பதையெல்லாம் வகுக்கக் குற்றவியல் படித்தவர்கள் தேவைப்படுவார்கள். சட்டம் முதலில் படிக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தாலும் காலம் வீணாகாது என்று ஏற்கிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

விண்ணப்பம் போட்டுவிட்டேன். சேர்க்கைக்கான நேர்முகத்தில் ஆய்வு விருப்பம் என்னவென்று கேட்பார்களாம். எங்கள் ஊர்ப் பையன்களையே, அவர்கள் பள்ளியை விட்ட காலத்திலிருந்து தொடங்கி எழுத விரும்புகிறேன் என்று சொல்லலாமா? பெயரை மாற்றிவிட்டால் போதுமல்லவா?

கூர்நோக்கு எழுதியது:

தலைப்பு நல்லது, தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சட்டத்துடன் முரண்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. உங்கள் ஊர் எதுவென்று துறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். "என் தெருவில்" என்று ஒரு சொல் எழுதினாலே அந்தப் பையன்கள் யார் என்று ஊருக்கும் தெரிந்துவிடும். ஆகவே மாவட்டத்தின் வேறொரு பகுதியைக் களமாகக் கொள்ளுங்கள். வழக்கு நடந்த தேதியையும் பள்ளியின் பெயரையும் குறிப்பேட்டிலேயே எழுதாதீர்கள். பதினெட்டு நிரம்பியவர்களிடம் அவர்களுடைய ஒப்புதலோடு பேசுங்கள், நிரம்பாதவர்கள் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் துறையின் நெறிமுறைக் குழு அனுமதியும் வாங்கிய பின்னரே அணுகுங்கள். நேர்முகத்தில் இதை நீங்களாகவே முதலில் சொன்னால், எதிரில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு கேட்கும் கேள்விகள் வேறு விதமாக இருக்கும்.